தவளை லூரில் விரால் பிடிக்க: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிப்பவர்கள் பாசிப் பரப்பில் வீசுகிற லூர், அதாவது போலி இரையான ரப்பர்த் தவளை, வேலூர்ப் பக்கத்து ஏரிகளில் விராலுக்கும் அப்படியே பொருந்துகிறது. இரண்டும் கோரைக்குள் பதுங்கியிருந்து, மேலே போகிற இரையைப் பாய்ந்து கவ்வும் மீன்கள். மண்புழுவும் தக்கையும் வைத்துக் கெண்டை பிடித்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் அனுமதி. சதுப்பேரியோ காவேரிப்பாக்கமோ, எந்த ஏரியானாலும் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கரையில் விசாரியுங்கள். குத்தகைக்காரர் சரி என்ற பிறகே தூண்டில் ராடைப் பிரியுங்கள்.

2. ஏழடி நீளத்தில் விறைப்பான ராடு, 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 40 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு. நைலான் நரம்பு இந்த வேலைக்கு வேண்டாம். அது இழுபடும், தவளையின் தடித்த இரட்டை முள் விராலின் கெட்டியான வாயில் இறங்காது. ராடில் மிச்சம் பிடித்தாலும் நரம்பில் பிடிக்காதீர்கள்.

3. முடிச்சுக்குப் பாலோமர் போதும். நரம்பை இரண்டாக மடித்துத் தவளையின் வளையத்தில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, மடிப்பின் கண்ணுக்குள் தவளையை முழுதாக விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு இறுக்குங்கள்.

4. வீசுவதற்கு முன் சும்மா நில்லுங்கள். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்தே ஆக வேண்டும். கொப்புளம் எழுந்த இடத்தைத் தாண்டி வீசி, பாசியின் மேல் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். இடைவெளி கண்டால் நிறுத்துங்கள். பாய்ச்சல் பெரும்பாலும் அங்கேதான்.

5. எல்லோருக்கும் கை தவறுகிற இடம் இது. 'படார்' என்று தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடை உயர்த்தும். உயர்த்தினால் தவளை உங்கள் முகத்தை நோக்கிப் பறக்கும், மீன் போய்விடும். சத்தத்துக்கு இழுக்காதீர்கள், கனத்துக்கு இழுங்கள். ராடின் நுனி தாழ்ந்தே இருக்கட்டும். தளர்ந்த நரம்பைச் சுற்றுங்கள். மீனின் எடை கையில் தட்டியதும் ஒரே வீச்சில் பலமாக மேலே அடியுங்கள். அதன் பிறகு தயவே காட்டாமல் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கோரைக்குள் தலையைச் செருகிவிடும். தப்பினால் தவளையை அங்கேயே கிடக்க விடுங்கள். அதே விரால் மறுபடி வரக்கூடும்.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கும்பலாக மிதப்பதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். வீசியதை உடனே அடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் போகும். சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பின்சேர்க்கை: மீன் பாய்ந்து அடிக்கிறது, முள் ஏறவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தவளையைப் பிழிந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் சேர்ந்திருந்தால் உடல் அமுங்காது, முள் வெளியே வராது. நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை பிழியுங்கள். முள் முனைகளையும் உடலை விட்டு மயிரிழை மேலே வளைத்துவிடுங்கள். இடி கேட்டால் கார்பன் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். அதில் மின்சாரம் பாயும்.