வீட்டு நாய்க்குப் பார்வை குறைகிறதா? நாம் கோட்டை விடும் இடங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டுச் சாமான்களை எல்லாம் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தோம். எங்கள் ஜூலி 9 வயது வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்றே சொல்வார்கள். அடுப்படியிலிருந்து வழக்கம்போல வேகமாக வந்தவள் பீரோவில் நேராகப் போய் முட்டினாள். தலையை உதறினாள், ஓரடி பின்னால் போனாள், மறுபடியும் அதே இடத்தில் முட்டினாள். அந்த இரண்டாவது முட்டலில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின நாள் வரைக்கும் சோபாவில் ஏறினாள், வாசல் மணி அடித்தால் ஓடினாள், தட்டு வைத்த இடத்துக்குச் சரியாக வந்தாள். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"வீட்டுக்குள்ள நல்லாத்தானே நடக்குது" என்று நம்புவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. நாய்க்கு வீடு மனப்பாடம். சோபா எத்தனை அடியில், படி எங்கே, தண்ணீர்க் கிண்ணம் எந்த மூலையில் என்பதெல்லாம் அதன் காலுக்கே தெரியும். மிச்சத்தை மூக்கும் காதும் பார்த்துக்கொள்ளும். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது நாயும் அதற்கேற்பப் பழகிக்கொண்டே வரும். அதனால் சொந்த வீட்டில் வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. உறவினர் வீடு, பழகாத தெரு, சாமான் இடம் மாறிய அறை, இங்கேதான் பார்க்க வேண்டும். மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, காலை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கி வைத்து, சுவரோரமாகவே போகிறதா? படி ஏறிவிட்டு இறங்க மட்டும் தயங்குகிறதா? வீசிய பந்தை, அது விழுந்த சத்தத்தை வைத்துத் தேடுகிறதா?

இருட்டையும் சேர்த்துக் கவனியுங்கள். விழித்திரை மெல்ல நலிந்துபோகிற பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் சுருக்கமாகப் பி.ஆர்.ஏ. என்பார்கள். பூடில், காக்கர் ஸ்பேனியல், டாஷுண்ட் போன்ற இனங்களில் வரும். இதில் முதலில் போவது இரவுப் பார்வை. வலி கிடையாது, கண் சிவக்காது. பகலில் துள்ளிக் குதிக்கிற நாய், கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ராத்திரி வாசலைத் தாண்டாது. "இதுக்கு இருட்டுன்னா பயம்" என்று நாம் செல்லமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். கண்மணி விரிந்தே இருப்பதால் இரவில் கண் முன்பைவிட அதிகமாகப் பளபளப்பதும் இதன் அடையாளம்தான்.

அடுத்த தவறு, முகத்துக்கு நேரே கையை வீசிப் பார்ப்பது. நாய் கண்ணைச் சிமிட்டும், நமக்கும் நிம்மதியாகிவிடும். ஆனால் கை கிளப்பிய காற்று அதன் மீசை முடியில் பட்டாலே சிமிட்டிவிடும். இதற்குப் பஞ்சுதான் சரி. விழும்போது சத்தம் கிடையாது, நாயை இழுக்கிற வாசனையும் பெரிதாக இல்லை. ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சின்னப் பஞ்சு உருண்டையை அதன் முகத்துக்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து கீழே விட வேண்டும். கண் அதைத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு கண் மட்டும் போயிருந்தால் மற்ற கண்ணை வைத்து நாய் சமாளித்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சில நாய்கள் பஞ்சையெல்லாம் மதிக்காது. அப்படியென்றால் நாற்காலி, வாளி என்று வழியில் தடைகளை வைத்து எதிர்ப்பக்கம் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில், அப்புறம் விளக்கைக் குறைத்து.

நேரெதிரான தவறும் உண்டு. பச்சைப் புல்லில் கிடக்கிற சிவப்புப் பந்தை எடுக்கவில்லை என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. மூக்கடியில் கிடக்கிற பிஸ்கட்டை முகர்ந்து தேடுவதும் இயல்புதான், மிகப் பக்கத்தில் இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது.

கண் வெளுத்தாலே புரை என்று முடிவு கட்டுவதும், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். 6, 7 வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களின் கண் வில்லை, அதாவது லென்ஸ், இறுகி, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. புரை வேறு, வில்லை பால் போல வெளுக்கும், வெளிச்சத்தை உள்ளே விடாது. இரண்டையும் நாம் வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது, டாக்டர் கருவியால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலிக்கு வந்தது புரைதான், காரணம் சர்க்கரை நோய். சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரை விழுந்துவிடும். அதுவும் சில வாரங்களிலேயே கண் முழுக்க வெளுத்துவிடலாம். இப்போது யோசித்தால், அந்த மார்கழிக் குளிரிலும் அவளுடைய கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது. ராத்திரி இரண்டு தடவை வெளியே போக எழுப்பினாள். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மூன்றும் என் கண் முன்னால்தான் நடந்தன. கண்ணோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உங்கள் நாய் இப்படித் தண்ணீர் குடித்தால் கண் வெளுக்கும்வரை காத்திருக்காமல் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கிற சொட்டு மருந்தை ஊற்றுவது, இருப்பதிலேயே எனக்குப் பயம் தருகிற தவறு. பக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண் வெளியே பிதுங்கி இருப்பதால், கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கிற படலமான கருவிழியில் சுலபமாகக் கீறல் விழும். அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு பட்டால் புண் ஆழமாகி, கண்ணே ஓட்டையாகிவிடக் கூடும். நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணில் பிசுபிசுவென்று கெட்டியாகப் பீளை கட்டிக்கொண்டே இருந்தால் அது அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கண்ணீர் சுரப்பது குறைந்திருக்கலாம். ஒரு காகிதப் பட்டையை இமைக்குள் ஒரு நிமிடம் வைத்து டாக்டர் அளந்து பார்ப்பார். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பரவாயில்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் கருவிழி கறுத்து, பார்வை மறைந்துவிடும்.

சிவந்த கண்ணை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது. கண் அழுத்தம் திடீரென்று ஏறினால் கண் சிவக்கும், கருவிழி பனி படர்ந்த மாதிரி மங்கும், கண்மணி விரிந்து நிற்கும். ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். நாய் அழாது, கத்தாது. ஒரு கண்ணைச் சுருக்கும், தலையைத் தொட விடாது, சாப்பாட்டை விட்டுவிட்டு மூலையில் படுத்துக்கொள்ளும். இருக்கிற வலியை அது அவ்வளவுதான் காட்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாலும் கண் அழுத்தம் ஏறும் என்பதால், கண் கோளாறு உள்ள நாய்க்கு நெஞ்சுப் பட்டைதான் நல்லது.

உண்ணிக் காய்ச்சலையும் மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். கண்ணுக்குள் அழற்சியோ ரத்தக் கசிவோ உண்டாக்கி, பார்வையையே பறித்துவிடும். காய்ச்சலோடு கண் கலங்கிச் சிவந்திருந்தால் ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை.

சாதுவான நாய் திடீரென்று குழந்தைகளைப் பார்த்து உறுமினால் அடிக்கிறார்கள். அதற்கு ஆள் வருவது தெரிவதில்லை, எதிர்பாராமல் ஒரு கை மேலே விழுகிறது. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பாதி உறுமல் நின்றுவிடும்.

டாக்டரிடம் போகும்போது, மங்கிய வெளிச்சத்தில் நாய் நடப்பதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். பயந்த நாய் மேஜை மேல் எதையும் காட்டாது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது, அறுவை சிகிச்சைதான் வழி. விழித்திரை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதையும் செய்வார்கள்.

ஜூலிக்கு இப்போது காலையும் மாலையும் இன்சுலின். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பீரோவை அன்று சாயங்காலமே பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டோம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் கோரைப்பாய்த் துண்டு ஒன்று விரித்திருக்கிறோம். காலில் அது பட்டதும் நின்று, குனிந்து குடிக்கிறாள்.