‘சார்ஜ்’: ஒரே சொல், பல பொருள், பிரித்துப் படிப்பது எப்படி?

சென்னையில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் இரவு திரும்புவதற்குள் ‘சார்ஜ்’ என்ற சொல்லை நாலைந்து பொருளில் கேட்டுவிடுவார். “போன்ல சார்ஜ் இல்ல”, “டெலிவரி சார்ஜ் தனி”, “இந்த செக்‌ஷனுக்கு யாரு சார் இன்சார்ஜ்?”, டிவியில் “லத்தி சார்ஜ்”, “சார்ஜ் ஷீட்”. அகராதியைத் திறந்தால் இன்னும் நீளும். அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒரு நோட்டும் முக்கால் மணி நேரமும் போதும், கீழே உள்ள வரிசைப்படி செய்து பாருங்கள்.

படி 1: வாக்கியம் சேருங்கள்

சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பில், செய்தி, அலுவலக மெயில் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு முழு வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள்.

படி 2: அடிப்படைப் படத்தைப் பிடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சார்ஜ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் ‘கர்ரிகாரே’ என்ற லத்தீன் சொல். பொருள், வண்டியில் சுமை ஏற்றுவது. கார், கார்கோ, கேரி எல்லாம் இதே குடும்பம்தான்.

இப்போது ஆறு வாக்கியங்களிலும் ‘சுமை’யை வைத்துப் பாருங்கள். துப்பாக்கியில் வெடிமருந்து ஏற்றுவது சார்ஜ். 1740களில் ‘லெய்டன் ஜாடி’ என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தபோது, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கும் இந்தச் சொல்லையே எழுதினார். இன்று போனுக்கு ஏற்றுவதும் அதுதான். வாடிக்கையாளர் மேல் ஏற்றும் தொகை கட்டணம். ஒருவர் தோளில் ஏற்றும் வேலை பொறுப்பு. ஒருவர் மேல் ஏற்றும் பழி குற்றச்சாட்டு.

தமிழிலும் இதே படம் இருக்கிறது. ‘குற்றம் சுமத்தினார்கள்’ என்கிறோம். ‘பொறுப்பு’ என்பதே ‘பொறு’, அதாவது சுமந்து தாங்கு, என்பதிலிருந்து வந்ததுதான். இதைக் கவனித்துவிட்டால் பாதிப் பொருள்கள் தானாகவே மனதில் தங்கிவிடும். பாய்ந்து தாக்குவது என்ற பொருள் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பக்கத்துச் சொல்லை வட்டமிடுங்கள்

பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அருகில் வரும் சின்னச் சொல். கட்டணம் என்றால் ‘சார்ஜ் ஃபார்’. குற்றச்சாட்டு என்றால் ‘சார்ஜ்டு வித்’. இங்கே ‘ஆஃப்’ போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ‘அக்யூஸ்டு ஆஃப்’ சரி என்பதால் அது இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பாய்வது என்றால் ‘சார்ஜ் அட்’.

‘இன் சார்ஜ் ஆஃப்’ என்பதில் இன்னும் கவனம் வேண்டும். ‘த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்டு’ என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. நடுவில் ‘த’ சேர்த்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் திசை மாறிவிடும். அப்போது ‘த சைல்டு இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்’ என்றுதான் எழுத வேண்டும். ‘சார்ஜ்ல போட்டேன்’ என்பதை ‘ஐ புட் த போன் இன் சார்ஜ்’ என்று மாற்றினால், போனை அதிகாரியாக நியமித்ததாக ஆகிவிடும். ‘ஐ ஆம் சார்ஜிங் மை போன்’ போதும்.

படி 4: மாற்றுச் சொல்லை வைத்துச் சோதியுங்கள்

பேச்சில் ‘பஸ் சார்ஜ்’ என்கிறோம், எழுதும்போது பயணத்துக்கு ‘ஃபேர்’. டாக்டருக்கும் பள்ளிக்கும் ‘ஃபீ’. சுங்கச்சாவடியில் ‘டோல்’. கடையில் பொருளுக்கு ‘பிரைஸ்’. சேவைக்குக் கேட்கும் தொகைக்கு ‘சார்ஜ்’.

‘அக்யூஸ்’, ‘சார்ஜ்’ இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூட ‘அக்யூஸ்’ செய்யலாம். ‘சார்ஜ்’ செய்ய அதிகாரம் வேண்டும். நம் நாட்டில் போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை, அதாவது சார்ஜ் ஷீட். குற்றச்சாட்டை வனைவது, அதாவது முறைப்படி வகுப்பது, நீதிமன்றம். எஃப்ஐஆர் மட்டும் போட்ட நிலையில் ஒருவரை ‘சார்ஜ்டு’ என்று எழுதினால் செய்தியே தவறாகிவிடும். ‘புக்டு’ என்பதுதான் அங்கே பொருந்தும்.

‘அட்டாக்’ வார்த்தையாலும் நடக்கும். ‘சார்ஜ்’ என்றால் உடம்போடு முன்னே பாய வேண்டும், வாடிவாசலிலிருந்து வரும் காளை மாதிரி.

‘ஹி இஸ் தி இன்சார்ஜ்’ இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. அலுவலகத்துக்குள் தாராளமாகப் பேசலாம். வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தில் ‘ஹி இஸ் இன் சார்ஜ்’ என்று எழுதுங்கள்.

படி 5: மூடி வைத்து எழுதுங்கள்

மறுநாள் நோட்டை மூடிவிட்டு, அதே ஆறு பொருளுக்கும் சொந்தமாக ஆறு வாக்கியம் எழுதுங்கள். எங்கே தடுக்கிறதோ, அங்கே பக்கத்துச் சொல்லைத்தான் முதலில் சரிபாருங்கள்.

அடுத்து ‘இஷ்யூ’வை எடுக்கலாம். அடிப்படைப் படம் ‘வெளியே போவது’. பாஸ்போர்ட் இஷ்யூ, வார இதழின் இந்த வார இஷ்யூ, வாரிசு, தகராறு என நான்கையும் அதில் பொருத்திப் பாருங்கள்.