டேலியில் யூனிட் போடும்போது செய்யும் தவறுகள்

"வாங்காத அரிசியை நான் எப்படி சார் வித்தேன்?"

நான் கணக்கு எழுதும் மளிகைக் கடையில் அண்ணாச்சி டேலி என்ற கணக்கு மென்பொருளின் திரையைக் காட்டிக் கேட்டார். பொன்னி அரிசி ஸ்டாக் மைனஸ் 40 கிலோ. பில் எதுவும் தப்பில்லை. தப்பு யூனிட்டில். கடை தொடங்கியபோது யாரோ 'சிப்பம் = 25 கிலோ' என்று காம்பவுண்ட் யூனிட் (எல்லா சரக்குக்கும் ஒரே மாற்றுக் கணக்கு வைக்கும் கூட்டு அளவு) போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. டேலிக்கு அது தெரியாதே! 40 சிப்பம் வந்தால் 1,000 கிலோ என்று ஏற்றிக்கொண்டது. சில்லறையில் போனது 1,040 கிலோ.

நான் பார்க்கிற யூனிட் குழப்பங்களில் பாதி இந்த வகைதான். சிப்பம், பெட்டி, கட்டு இதெல்லாம் அளவே இல்லை, வெறும் பேக்கிங். ஒரு சோப்புப் பெட்டியில் 72 இருக்கும், இன்னொன்றில் 48. டஜன் என்றால் எங்கும் 12 என்பதால் அதற்குக் காம்பவுண்ட் யூனிட் சரி. சரக்குக்குச் சரக்கு மாறுகிறதை அந்தந்த ஐட்டத்துக்குள்ளேயே ஆல்டர்னேட் யூனிட்டாக (அந்தச் சரக்குக்கு மட்டுமான இரண்டாவது அளவாக) போடுங்கள். அடிப்படை யூனிட் நீங்கள் விற்கும் மிகச் சிறிய அளவாக இருக்கட்டும்: அரிசிக்குக் கிலோ, சோப்புக்கு எண்ணிக்கை.

எண்ணெயில் இன்னொரு கண்ணி. டின்னில் 15 கிலோ என்றிருக்கும், கடையில் லிட்டரில் விற்போம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 15 கிலோ டின் கிட்டத்தட்ட பதினாறரை லிட்டர். இரண்டையும் ஒன்றென்று வைத்தால் டின்னுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில் வராது.

ரேட்டுக்குப் பக்கத்தில், அது எந்த யூனிட்டுக்கான விலை என்று சொல்லும் 'பெர்' கட்டத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. 40 சிப்பம், சிப்பம் 1,300 ரூபாய் என்றால் 52,000. அங்கே கிலோ என்று நின்றிருந்தால் 13,52,000! இதுவாவது கண்ணில் படும். ஐந்து கிலோ பாக்கெட்டில் இதே தப்பு நடந்தால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

டெசிமல் சின்ன விஷயம்தான். கிலோவுக்கு 3 இடம், எண்ணிக்கைக்கு 0. கிலோவுக்கும் 0 விட்டுவிட்டால் கால் கிலோ பருப்பைப் பதிய முடியாது. அதேபோல கிலோ, கிலோகிராம், கேஜிஎஸ் என்று ஒரே அளவுக்கு மூன்று யூனிட் வேண்டாம். குரூப் மொத்தம் ஒழுங்காக வராது. யூனிட் போடும்போதே ஜிஎஸ்டிக்கான யூக்யூசி என்ற அளவுக் குறியீட்டையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விற்பனைக் கணக்குத் தாக்கலான ஜிஎஸ்டிஆர் 1-இல், ஹெச்எஸ்என் (சரக்குவகைக் குறியீடு) சுருக்கம் அதைக் கேட்கும்.

பதிவுகள் ஏறிய பிறகு ஐட்டத்தின் அடிப்படை யூனிட்டை மாற்ற டேலி விடாது. கோபத்தில் பழைய பில்களை அழித்துவிடாதீர்கள். சரியான யூனிட்டில் புது ஐட்டம் திறந்து, மீதி ஸ்டாக்கை ஸ்டாக் ஜர்னலில் (விற்பனை, கொள்முதல் இல்லாமல் இருப்பை மட்டும் மாற்றும் பதிவில்) அதற்கு மாற்றுங்கள். மார்ச் 31 இருப்பு எடுத்த கையோடு செய்தால் வேலை குறைவு.

அண்ணாச்சி கடையில் அதைத்தான் செய்தோம். இப்போது சிப்பம் இறங்கும்போதே பையன் மூட்டையில் அச்சடித்த எடையைப் பில்லில் எழுதிவிடுகிறான்.