மலைப்பாதையில் டயருக்கு எத்தனை காற்று? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

பெற்றோல் ஷெட்டில் காற்றடிக்கும் பையன் குழாயைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை போட, அண்ணே?" நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில், "முப்பது போடு தம்பி." கார் எதுவானாலும், அதில் எத்தனை பேர் ஏறினாலும், கொழும்பிலிருந்து வந்தாலும் கொட்டகலையிலிருந்து வந்தாலும் அதே முப்பதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரே எண் போதாது. வளைவுக்கு மேல் வளைவு, பாதி நாள் ஈரம், திடீரென்று இறங்கும் மூடுபனி. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது நான்கு டயரிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தொடும் ரப்பர் மட்டுமே. அந்த ரப்பர் எப்படித் தொடுகிறது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

படி 1: வண்டி சொல்லும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். டயர் அளவும் முன், பின் சக்கரங்களுக்கான காற்றழுத்தமும் அதில் இருக்கும். நம் நாட்டில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் இருந்து வந்தவை என்பதால் எழுத்து ஜப்பான் மொழியில் இருக்கலாம். பயப்பட வேண்டாம், எண்களைப் பாருங்கள். 230 என்று இருந்தால் அது கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகு. பக்கத்திலேயே 2.3 என்று இன்னொரு எண்ணும் இருக்கலாம், அது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. கிலோபாஸ்கலை 6.9 ஆல் வகுத்தால் ஷெட்டில் பேசும் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கு) கிடைக்கும். 220 என்றால் 32, 230 என்றால் 33, 250 என்றால் 36. எது முன், எது பின் என்று புரியாவிட்டால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள்.

டயரின் பக்கச் சுவரிலும் ஓர் எண் அச்சடித்திருக்கும், 44 அல்லது 51 என்று. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல. ஒருமுறை புது டயர் போட்ட இடத்தில் அந்த உச்ச எண்ணைப் பார்த்தே காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். வீடு வரும்வரை ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரிந்தது. அதைவிட மோசம், ஈர வளைவில் பிரேக் தொட்டபோது வண்டி ஒரு கணம் மிதந்தது.

ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவும் உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரிய ரிம் மாற்றியிருந்தால் இந்த எண் அப்படியே பொருந்தாது. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமைக் குறியீட்டை, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

படி 2: காற்றழுத்தம் அளக்க சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள்

ஷெட் கேஜ் நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழும்பும் பொருள். இரண்டு ஷெட்டில் அளந்தால் இரண்டு எண் வரும். சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று உங்கள் காரின் டேஷ்போர்ட் பெட்டியில் இருக்கட்டும். அது ஒரு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே அளவு கூட்டித்தான் காட்டும். ஒரே கேஜில் அளந்தால்தான் இன்றைய எண்ணைப் போன வார எண்ணோடு ஒப்பிட முடியும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகிக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர் ஒன்றும் வாங்க முடிந்தால் இன்னும் வசதி. ஏன் என்று நான்காவது படியில் புரியும்.

படி 3: விடியலில் அளந்து பாருங்கள்

ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான எண். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடும்போது டயர் நெளிந்து நெளிந்து சூடாகும், உள்ளே காற்றழுத்தம் ஏறும். சாதாரண ஓட்டத்திலேயே 3, 4 பிஎஸ்ஐ ஏறிவிடும். றம்பொடை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக்கின் சூடும் ரிம் வழியாக டயருக்குப் போகும், இன்னும் கொஞ்சம் ஏறும்.

நான் செய்த தப்பு ஒன்று. கொழும்பில் 32 வைத்துக்கொண்டு புறப்பட்டு, கித்துல்கல தாண்டி, கினிகத்தேனை ஏற்றம் ஏறி ஹட்டன் வந்து சேர்ந்தேன். இறங்கியதும் அளந்தால் 37. "கூடிப்போச்சு" என்று நான்கு டயரிலும் காற்றை இறக்கி 32 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை பனியில் நின்ற வண்டியை அளந்தபோது 27. டயரின் அடி வயிறு தரையில் பிதுங்கிக்கொண்டு நின்றது. நான் எடுத்துவிட்டது கூடுதல் காற்றை அல்ல, சூட்டில் விரிந்திருந்த தேவையான காற்றை.

ஆகவே சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். வழியில் அளந்து குறைவாகத் தெரிந்தால் மட்டும், ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 3 அல்லது 4 கூட்டி அடித்துவிட்டு, மறுநாள் விடியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: உயரத்தையும் குளிரையும் கணக்கில் எடுங்கள்

மலைநாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சமவெளிக்காரர்களுக்காக எழுதிய குறிப்புகளில் இது இருக்காது.

வெளி வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைந்தால் டயரில் 1 பிஎஸ்ஐ குறையும். கொழும்பின் 30 பாகையிலிருந்து நுவரெலியாவின் 12 பாகைக்கு வந்தால் 3 பிஎஸ்ஐ போய்விட வேண்டும். ஆனால் அங்கே போய் அளந்தால் ஏறக்குறைய அதே 32 காட்டும். காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. வெளியே குறைந்தால் கேஜில் ஏறும். குளிர் இறக்கிய மூன்றை உயரம் ஏற்றிவிடுகிறது. ஹட்டன் 1,271 மீட்டர் என்பதால் அங்கே உயரத்தின் பங்கு இரண்டு பிஎஸ்ஐ அளவுதான்.

சரி, அப்படியானால் கவலையே இல்லையா? ஒரே ஊரில் இருந்துகொண்டு காலையும் மதியமும் அளப்பவருக்குத்தான் கவலை. உயரம் மாறாது, குளிர் மட்டும் மாறும். தை மாதம் நுவரெலியாவில் மதியம் 20 பாகையில் 32 வைத்தால், மறுநாள் விடியலில் உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில் 29, 30 அளவுதான் இருக்கும். ஆகவே எங்கே வண்டி இரவில் நிற்கிறதோ அங்கே, காலையில் அளந்து வையுங்கள். நான் வாசலிலேயே கம்ப்ரசர் வைத்திருப்பது இதற்காகத்தான். ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும்.

நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் மாறாதா என்று கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது ஒரு நன்மை. குளிருக்கும் சூட்டுக்கும் அதுவும் இதே கணக்கில்தான் ஏறி இறங்கும்.

படி 5: சுமைக்கு ஏற்ப

ஸ்டிக்கரில் சில வண்டிகளுக்கு இரண்டு வரிசை எண் இருக்கும். ஒன்று இரண்டு பேர் போகும்போது, மற்றது ஆள் நிறைந்து சாமானும் ஏற்றும்போது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போதும், பின்னால் லீக்ஸும் கோவாவும் மூட்டையாக ஏற்றும்போதும் இரண்டாவது வரிசைக்கு மாற்றுங்கள். திரும்பி வந்ததும் பழைய எண்ணுக்கு.

படி 6: இப்போது கையாளுமை

இதுவரை சொன்னது பாதுகாப்பாக ஓட்ட. வளைவில் வண்டி சொன்னபடி திரும்ப வேண்டும், ஸ்டியரிங் கூர்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

நம் சிறிய கார்களில் இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் சக்கரம். வளைவில் வேகமாக நுழைந்தால் வெளிப்பக்க முன் டயரின் சுவர் மடிந்து, ஓரம் மட்டும் ரோட்டில் தேயும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே போகும். இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். முன் டயரில் 2 பிஎஸ்ஐ கூட்டினால் சுவர் விறைப்பாகும், மடிப்பு குறையும், ஸ்டியரிங் தொட்டதும் வண்டி திரும்பும். முதல் வளைவிலேயே வித்தியாசம் கையில் தெரியும்.

கூட்டக் கூட்ட நல்லது என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் டயரின் நடுப்பகுதி உப்பி, ஓரங்கள் ரோட்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஒட்டுப்போட்ட தோட்டத்து ரோட்டில் டயர் பள்ளத்தில் படியாமல் குதிக்கும். குதிக்கும் டயருக்குப் பிடிப்பு இல்லை. என் அனுபவத்தில் நம் பக்க ரோட்டுக்கு முன் சக்கரத்தில் ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 2 போதும். 4க்கு மேல் போக எந்தத் தேவையும் இல்லை.

பின் சக்கரத்தை ஸ்டிக்கர் எண்ணிலேயே விடுங்கள். பின்னால் அதிகம் கூட்டினால் வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும், அதாவது வால் வீசும். ஏற்கனவே இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின் டயர் லேசாகியிருக்கும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இடத்தில், மழையில், ஆரம்பநிலை ஓட்டுநருக்கு வால் வீசினால் மீட்பது கஷ்டம்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே உடைத்தாக வேண்டும். "மழைக் காலத்தில் காற்றைக் குறைத்தால் டயர் நல்லா ஒட்டும்" என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். சேற்றிலும் மணலிலும் அது உண்மை. தார் ரோட்டில் இல்லை. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்ளே குழியும். பள்ளக் கோடுகள் நெருங்கி, தண்ணீரைப் பிழிந்து வெளியேற்ற முடியாமல் போகும். சுவர் அதிகம் நெளிந்து சூடாகும், கடைசியில் வெடிக்கவும் கூடும். எந்த நாளிலும் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

மாற்றிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்ஐ, முன் டயர் இரண்டிலும் ஒரே அளவாக. காய்ந்த காலையில், நன்றாகத் தெரிந்த ரோட்டில், வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். ரோட்டைப் பந்தயத் திடலாக்க வேண்டாம், வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி மாதிரி மூடிய பாதைதான் வேகத்துக்கு உரிய இடம். போட்டிக்காரர்கள் ஓட்டம் முடிந்ததும் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் சூட்டை அளப்பார்கள். நடு அதிகம் சூடென்றால் காற்று கூட, ஓரங்கள் இரண்டும் சூடென்றால் குறைவு.

படி 7: சோக்கட்டி சோதனை

சூடு அளக்கும் கருவி இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி போதும். முன் டயரில், ரோட்டில் படும் பகுதியின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர் வரை இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரே டயரில் மூன்று இடத்தில் போட்டால் நல்லது. பத்து நிமிடம் வளைவுப் பாதையில் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். பல டயர்களில் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சோக்கு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரியான அளவு. முக்கோணத்தையும் தாண்டிச் சுவரில் அழிந்திருந்தால் டயர் மடிகிறது, 1 கூட்டுங்கள். ஓரத்துக்கே வராமல் வெள்ளை அப்படியே இருந்தால் காற்று அதிகமாக இருக்கலாம், அல்லது நீங்கள் மெதுவாக ஓட்டியிருக்கலாம். அதற்காக ஸ்டிக்கருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

நீண்ட காலத்துக்கு டயரே பதில் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று கூட, இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அது காற்றுப் பிரச்சினை இல்லை, அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்க வேண்டும். டயரின் பள்ளக் கோட்டுக்குள் தெரியும் 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தேய்மானம் தொட்டுவிட்டால் எந்தக் காற்றழுத்தமும் காப்பாற்றாது. மாற்றுங்கள்.

அளந்து முடித்ததும் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலைத் தொட்டு வையுங்கள். நம் அப்பாமார் சைக்கிளுக்குச் செய்ததுதான். குமிழ் வந்தால் வால்வு கசிகிறது. மூடியைப் போட மறக்க வேண்டாம், மலைச் சேறு உள்ளே போனால் கசிவு அங்கேதான் தொடங்கும்.

இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தூரப் பயணத்துக்கு முன் கட்டாயம் செய்யுங்கள். கேஜைக் கையில் எடுத்த நேரத்தில் டிக்கியில் கிடக்கும் ஸ்பேர் டயரையும் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்பேர் என்றால் அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், அதன் சுவரிலேயே எழுதியிருக்கும். மற்ற டயர்களுக்குப் போடும் 32ஐ அதற்கும் போட்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். இன்றைக்கே திறந்து அளந்து பாருங்கள்.