சாவு மணி ஒலிக்கும் கவிதைக்கு எதிர்வினை எழுதும் முறை

சிற்றூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வாழ்வையும் சாவையும் பாடும் கவிதைகளுக்கு வாசகர்கள் எழுதும் எதிர்வினைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தடம் மாறிவிடுகின்றன. ஒன்று, ‘மனத்தை உருக்கியது, ஆன்மா இளைப்பாறட்டும்’ என்று கவிதையை இழவுச் செய்தியாக எடுத்துக்கொண்டு அனுதாபம் தெரிவிப்பது. மற்றொன்று, மூடப்பழக்கம், பழைமை என்று இரண்டு சொற்களில் அந்த ஊரையே அளந்து ஒதுக்கிவிடுவது. முதல் வகையில் நானும் சில எழுதியிருக்கிறேன். இன்று எடுத்துப் படித்தால் அவை எந்தக் கவிதைக்கு எழுதப்பட்டவை என்று எனக்கே தெரியவில்லை. இத்தகைய கவிதைக்கு உயிர் தருவது சடங்கின் சொல்லும் கவிஞரின் சொல்லும் பிரியும் இடம்தான். அந்த இடத்தைக் கண்டுபிடித்து எழுதுவதையே இங்கே விளக்க விரும்புகிறேன்.

பிரியும் இடம் தெரிய வேண்டுமானால் சடங்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். மணிகளை எண்ணிச் சொல்லும் செபமாலையை எடுத்துக்கொள்வோம். பத்து மணிகள் கொண்ட வழக்கமான ஐந்து தொகுதிகளையும் தொடக்கத்து மூன்று மணிகளையும் சேர்த்தால், மரியாளை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தைச் செபம் 53 முறை சொல்லப்படுகிறது. அதன் ஒவ்வொரு முடிவிலும் ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்ற வேண்டுதல் வருகிறது. மாலைதோறும் தன் சாவை 53 முறை வாயால் சொல்லிவிட்டு உணவுக்கு அமரும் வீட்டில், ஒருவருடைய இறப்பைக் கவிதை தட்டையான குரலில் சொன்னால் அதை இரக்கமின்மை என்று படிப்பது தவறு. மாறாக, அதே வீட்டைப் பற்றிய கவிதையில் செபம் பாதியில் அறுந்தால், அறுந்த சொல் எது என்று பார்க்க வேண்டும். தமிழில் எழுதப்பட்ட கவிதையானால் இன்னொரு தடயமும் உண்டு: அந்த வேண்டுதலை ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்று தொடங்கும் பாட்டியும் ‘தூய மரியே’ என்று தொடங்கும் பேத்தியும் வேண்டுவது ஒன்றே என்றாலும், அவர்கள் இரண்டு காலத்தவர்கள்.

காலத்தைக் கணிப்பது வெறும் தகவல் வேலை அன்று. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. அதன் பின்னரே திருப்பலி (பூசை) பரவலாக மக்கள் மொழிகளுக்கு வந்தது. அடக்கப் பூசையில் லத்தீனும் கறுப்புத் திருவுடையும் இறுதித் தீர்ப்பை நினைத்து நடுங்கும் பாடலும் வந்தால், கவிஞர் நம்மைச் சங்கத்துக்கு முந்தைய ஊருக்கு அழைத்துச் செல்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். குரு நோயாளியின் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாக எண்ணெய் பூசினால் அது சாகும் தறுவாயில் செய்யப்பட்ட பழைய அவஸ்தைப் பூசுதல். 1972இல் வகுக்கப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக நெற்றியிலும் கைகளிலும் மட்டுமே பூசுகிறார்கள், பெயரும் நோயில்பூசுதல் என்று மாறிவிட்டது. அண்மைக்காலக் கதையைச் சொல்லும் கவிதையில் கால்களிலும் எண்ணெய் பூசப்பட்டால், அது பிழையாக இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் நடந்த கால்களை விட்டுவிடக் கவிஞருக்கு மனம் வராததாகவும் இருக்கலாம். எது என்று வரிகளைக்கொண்டு வாதிடுங்கள்.

கவனம் மிகவும் தேவைப்படும் இடம் கல்லறைத் தோட்டத்தின் சுவர். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமல் இறந்தவர்களுக்கும் திருச்சபை அடக்கத்தை, அதாவது சடங்கோடு கல்லறைத் தோட்டத்துக்குள் புதைப்பதை, மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை இடம்பெறவில்லை. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தும் அதற்குள் இறந்துபோன குழந்தைக்கு ஆயர் அடக்கச் சடங்கை அனுமதிக்கலாம் என்ற விதியும் அதில் உண்டு. ஆகவே, சுவருக்கு வெளியே ஒரு சிறு மேட்டைக் காட்டிவிட்டுக் கவிதை வேறு பேச்சுக்குப் போனால், அந்த மேட்டுக்குள் யார், எந்த ஆண்டில் என்று கேட்காமல் வாசகர் நகரக் கூடாது. நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, உள்ளே ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி எரிய, ஒரு தாய் சுவரோரம் நின்றபடி கைகளை மட்டும் வெளிப்பக்கம் தொங்கவிட்டிருக்கிறாள் என்று ஒரு கவிதை எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘தாய்ப் பாசம்’ என்று இதற்கு எதிர்வினை எழுதினால் சட்டமும் சுவரும் காணாமற்போகின்றன. ‘திருச்சபையின் கொடுமை’ என்று எழுதினால், அவள் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே நிற்பது காணாமற்போகிறது.

ஊர் சிறியதாக இருப்பதும் இப்படியே வரிகளுக்குள் வேலை செய்கிறது. சாவு மணி அடித்தவுடன் யார் என்று கேட்க வேண்டிய தேவை பாதிப் பேருக்கு இராது. யார் படுக்கையில் கிடந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தகைய ஊரில் புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை, பதிவேட்டில் உள்ள ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அடக்கத்தைத் தொடங்க, எழுபது ஆண்டுகள் வேறொரு செல்லப்பெயரால் அவளை அழைத்த ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கவிதை சொல்வதாகக் கொள்வோம். குருவுக்கு ஆளே தெரியவில்லை என்று சிரிப்பது எளிது. ஆனால் தீர்த்தம் தெளிப்பதும் பாஸ்கா திரியை (ஈஸ்டர் மெழுகுதிரியை) ஏற்றிவைப்பதும் அவளுடைய திருமுழுக்கை நினைவூட்டுவதற்கே என்பது தெரிந்த வாசகர், சடங்கின் கணக்கில் அது சரியான பெயரே என்றும், ஊரின் கணக்கில் ஓர் அந்நியப் பெண்ணுக்காக அவர்கள் ‘ஆமென்’ சொல்ல நேர்ந்தது என்றும் ஒருசேர எழுத முடியும்.

எழுதும்போது சொந்த நினைவுக்கு ஒரு பத்தி போதும். அதுவும் கவிதையின் ஒரு வரியை விளக்குமானால் மட்டுமே. நம்பிக்கை உள்ளவர் அதை மறைக்க வேண்டியதில்லை, இல்லாதவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ‘நான்’ என்று பேசும் குரலைக் கவிஞரின் விசுவாச அறிக்கையாகக் கொள்வதை இருவரும் தவிர்க்க வேண்டும். விவாதிக்கும் வரிகளைக் கவிதையில் உள்ளபடியே, வரிமுறிவு மாறாமல் மேற்கோள் காட்டுங்கள். செபத்தின் பழைய வடிவத்தைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். கவிதையில் இறந்தவர் உண்மையில் யார் என்று ஊகித்துப் பெயர் எழுதுவதும் வேண்டாம்: ஊர் சிறியது, அந்த வீட்டில் முப்பதாம் நாள் பூசை இன்னும் முடியாமல் இருக்கலாம்.