கொழும்பில் குடியேறுவோர் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி இணைப்புகளைத் தெரிவுசெய்யும் முறை

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொழும்புக்குக் குடிபெயர்ந்து வருபவர்கள் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பாடசாலையையும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். இணைய இணைப்பை மட்டும் வந்திறங்கிய மறுநாளே ஏதாவதொரு காட்சியறையில் கையெழுத்திட்டு முடித்துவிடுகிறார்கள். 2023இல் என் அக்காவின் குடும்பமும் அப்படித்தான் செய்தது. வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் வீடு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு 4ஜி ரௌட்டர். காலி வீதிப் பக்கம் இருந்த முன்னறையில் இணைப்பு நன்றாகவே இருந்தது. அத்தான் வேலை செய்யும் பின்னறையின் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துத் தொடர்மாடியின் சுவர் நின்றது. அங்கே சமிக்ஞை ஒரு கோட்டைத் தாண்டவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது மீதி மாதங்களுக்கான தொகையைக் கட்டச் சொன்னார்கள்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே இணைப்பையும் பாருங்கள். வீட்டுக்காரரிடமோ தொடர்மாடியின் முகாமையாளரிடமோ கேட்க வேண்டிய முதற் கேள்வி, ஃபைபர் கம்பி (இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடி இழை) கட்டடத்துக்குள் வந்திருக்கிறதா, அது நீங்கள் குடியேறும் மாடிவரை ஏறியிருக்கிறதா என்பதே. வீதியில் ஃபைபர் இருப்பதாக நிறுவனத்தின் வரைபடம் காட்டினாலும், கட்டடத்துக்குள் கம்பி இழுக்க நிர்வாகம் அனுமதிக்காவிட்டால் உங்களுக்கு அது இல்லை என்றே கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் எந்த இணைப்பை வைத்திருக்கிறார்கள், மழை நாளில் அது எப்படி இருக்கிறது என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஃபைபர் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஸ்ரீ லங்கா டெலிகொம்மும் மொபிட்டலும் 2021 முதல் எஸ்எல்டி-மொபிட்டல் என்ற ஒரே பெயரில் இயங்குகின்றன. வீட்டுக்குக் கம்பிவழி இணைப்பு என்றால் பலரும் முதலில் நாடுவது அதைத்தான். டயலொக் என்ற மற்றைய தொலைபேசி நிறுவனம் 4ஜி ரௌட்டர் வழியாக வீட்டு இணைப்புத் தருகிறது. எஸ்எல்டி-மொபிட்டலிடமும் அவ்வகை உண்டு. கம்பியில்லா இணைப்பை ஒரே நாளில் பெறலாம், வீடு மாறினால் கையோடு கொண்டுபோகலாம்; ஆனால் ஒரே கோபுரத்தைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பங்கிட்டுக்கொள்வதால் மாலையில் வேகம் இறங்கும். இது வெளிநாட்டு அலுவலகத்துக்கு இங்கிருந்து வேலை செய்பவர்களை நேரடியாகத் தாக்கும் விடயம். ரொறன்ரோவில் காலை 9 மணி என்பது அங்கு கோடை காலமானால் கொழும்பில் மாலை 6.30, குளிர் காலமானால் 7.30. நீங்கள் காணொளிக் கூட்டத்தில் அமரும் அதே வேளையில்தான் அயலில் எல்லோரும் படம் பார்க்கத் தொடங்குகிறார்கள். லண்டன் அலுவலகமானால் அந்தக் காலை 9 மணி இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30, நெரிசல் குறைவு. ரௌட்டரை எடுப்பதே வழி என்றால், அந்த நிறுவனத்தின் முற்கொடுப்பனவுச் சிம் ஒன்றை வாங்கிக் கைபேசியில் போட்டு, நீங்கள் வேலை செய்யப்போகும் அறையில், வேலை செய்யப்போகும் நேரத்தில் வேகத்தைச் சோதித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். 2025 முதல் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கையில் கிடைக்கிறது. அதற்கு மறைப்பில்லாத திறந்த வானம் வேண்டும் என்பதால், மாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் அதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன்.

அளவில்லாத இணையத்துக்குப் பழகிவந்தவர்களுக்கு இங்குள்ள பக்கேஜ்கள் புதிதாக இருக்கும். பலவற்றில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரையறை உண்டு. சிலவற்றில் அந்த அளவு பகலுக்கும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கும் எனப் பிரிந்திருக்கும். 100 ஜிபி என்று எழுதியிருந்தால் அதில் எவ்வளவு பகலுக்கு என்று கேளுங்கள். எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 3 ஜிபி எடுக்கும். தினம் இரண்டு மணி நேரம் பார்க்கும் வீட்டில் 100 ஜிபி பதினேழாம் நாளைத் தாண்டாது. ‘அன்லிமிட்டட்’ என்று சொல்லப்படுபவற்றிலும், குறித்த அளவுக்குப் பின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விளம்பரத்தில் உள்ள விலை வரிகள் நீங்கலானதா என்பதையும் பாருங்கள். பெறுமதி சேர் வரி மட்டுமே 2024 ஜனவரி முதல் 18 வீதம்.

மின்வெட்டை மறக்கக் கூடாது. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்த நகரம் இது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால் இருட்டிலும் அது ஒலித்தது. ஃபைபர் வழி வரும் தொலைபேசி, ஃபைபர் கம்பி வந்து முடியும், சுவரில் பூட்டிய சிறிய வெள்ளைப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீடானால் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து, மின்சாரம் நின்றாலும் அவற்றைச் சிறிது நேரம் இயக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வையுங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கக்கூடிய ஒரு கைபேசியும் சார்ஜுடன் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து கைபேசி கொண்டுவருபவர்கள் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்)க் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகாத புதிய கைபேசிகள் உள்ளூர் வலையமைப்புகளில் இயங்கா என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் நிலை தெரியவரும்.

பழைய நாட்டு இலக்கத்தை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்குள்ள வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும் ஓடிபியை அந்த இலக்கத்துக்கே அனுப்பும். புறப்படுமுன் அதை மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கை அங்கேயே இயக்கிவைத்து, இரண்டு சிம் போடக்கூடிய கைபேசியில் கொழும்புச் சிம்முடன் சேர்த்து வைத்திருங்கள். எவ்வளவு காலம் பயன்படுத்தாதிருந்தால் இலக்கம் ரத்தாகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி எளிது. எஸ்எல்டி கம்பி வந்த வீட்டுக்கு அதே கம்பியில் அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சிச் சேவையான பியோ டிவி. இல்லாவிட்டால் டயலொக் டிவியின் டிஷ். மாடியில் டிஷ் பூட்ட நிர்வாகம் இடம் தருமா என்று கேளுங்கள். அடைமழையில் படம் சற்று நேரம் நின்றுபோவதையும் எதிர்பாருங்கள். சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய தமிழ் அலைவரிசைகள் மட்டும் போதுமென்றால் சாதாரண அன்டெனாவே போதும், மாதக் கட்டணம் இல்லை.

வாடகை வீட்டில் வீட்டுக்காரர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால், நிலுவை இல்லை என்பதைக் காட்டும் கடைசிப் பட்டியலைப் பார்த்த பிறகே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பவர்கள் அடையாள அட்டை அல்லது விசாவுடன் கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிராது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் எத்தனை மாதம், இடையில் விலகினால் என்ன கட்டணம், ரௌட்டர் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று வரிகளையும் விரல் வைத்து வாசியுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராத பிரச்சினையை, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்குக் கொண்டுபோகலாம்.