மலையில் மினி பொக்லைன்: ஹைட்ராலிக் கோளாறு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினி பொக்லைனின் பக்கெட் எழும்பத் தயங்கினாலோ, ஒரு பக்கச் செயின் பின்தங்கினாலோ, ஆயிலை அழுத்தி ஓட்டும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறோம். அந்த அவசரம்தான் பெரிய செலவை இழுத்துவிடுகிறது. பம்பைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டால், அது திரும்பி வரும் வரை வண்டி நீலகிரியின் கோத்தகிரியிலோ எமரால்டிலோ பாதி வெட்டிய மண்ணோடு நிற்க வேண்டியதுதான். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் என்ஜினின் சத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்பதால், மேட்டுப்பாளையத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்த டர்போ இல்லாத என்ஜின் மேலே வந்ததும் சற்றுத் திணறும். அதை ஹைட்ராலிக் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. பாரம் ஏறும்போது என்ஜினின் வேகம் இறங்கினால் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். என்ஜின் வேகம் குறையாமல் வண்டியின் கை மட்டும் மெதுவாக நகர்ந்தால்தான் ஹைட்ராலிக் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த தவறு குளிர்காலத்துக்கு உரியது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில், 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் 40 டிகிரி வெப்பத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடுகிறது. அந்த நிலையில் வண்டியைக் கிளப்பிய உடனே முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், பம்புக்குப் போதிய ஆயில் வந்து சேராமல், கூழாங்கல்லை அரைப்பது போன்ற சத்தம் கேட்கும்; அதுவே தொடர்ந்தால் நன்றாக இருந்த பம்பும் உள்ளே அரிக்கப்பட்டுவிடும். குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, வண்டியோடு இணைந்த பெரிய கையான பூமையும் பக்கெட்டையும் பாரமின்றி மெல்ல இயக்கி, ஆயில் சூடான பிறகு வேலையைத் தொடங்குவதே சரி.

தேயிலைச் சரிவில் நிறுத்தியபடியே ஆயில் அளவைப் பார்ப்பதும் தவறு, ஏனெனில் சாய்ந்த டேங்க் பொய்யான அளவைக் காட்டும். சமதளத்தில், கையேடு சொல்லும் நிலையில் கையையும் பக்கெட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் பெரும்பாலும் பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்கிறது. இரண்டுக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ஆயில் ஊற்றினால் அந்த ஆயிலும் கெடும்.

வேகம் போதவில்லை என்று, அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்குகிறவர்கள் உண்டு. அளவிடும் கேஜ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. வேகம் ஆயிலின் ஓட்டத்தைப் பொறுத்தது. அந்தத் திருகு கூட்டுவது அழுத்தத்தை மட்டுமே, அதன் விளைவு வெடித்த ஹோஸ்.

எந்த இயக்கம் பலவீனம் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாமே மெதுவென்றால் பம்ப், ஃபில்டர், ரிலீஃப் வால்வு என்று பொதுவான இடங்களில் தேட வேண்டும். பூம் மட்டும் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலையோ அதற்குரிய வால்வையோ பார்க்க வேண்டும். ஒரு செயின் மட்டும் தளர்ந்தால், கன்ட்ரோல் வால்விலிருந்து இறங்கும் இரு செயின்களுக்கான ஹோஸ்களை இடம் மாற்றி இணைத்து, காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்: பலவீனம் அதே செயினில் நீடித்தால் கோளாறு, மேல்பகுதியிலிருந்து செயின்களுக்கு ஆயிலைக் கடத்தும் சுழல் இணைப்பான சென்டர் ஜாயின்டிலோ, செயினை ஓட்டும் மோட்டாரிலோ இருக்கிறது, மறு செயினுக்கு மாறினால் வால்வுக்கோ பம்புக்கோ போக வேண்டும்.

ஆனால் எந்த ஹோஸையும் கழற்றும் முன், பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை நிறுத்தி, கையேட்டில் உள்ளபடி லீவர்களை அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது; அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். அப்படி நேர்ந்தால் மாலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.